ரோமில் மூன்று நாள், இருவருக்கு 400 யூரோ: ஒரு நிகழ்வு ஆய்வு

கையில் அளவான பணத்தோடு ரோமுக்குப் போகும் இளம் தம்பதிகளின் காசு கரைவது பெரும்பாலும் கிழமையிலும் மணியிலும்தான். இந்த ஊரில் பார்க்கத் தகுந்தவற்றில் பல இலவசம். ஆனால் அவை திறந்திருக்கும் நேரத்துக்கு நாம் போய் நிற்க வேண்டும். கட்டணம் உள்ள இடங்களும் தாங்கக்கூடிய விலைதான். அந்த விலைக்குச் சீட்டு கிடைக்கும் நாளில் அதை வாங்கியிருக்க வேண்டும். இரண்டையும் தவறவிட்டவர்கள்தான் இடைத்தரகரிடமும் டாக்சியிலும் அவசரத்துக்கு உட்காரும் உணவகத்திலும் பணத்தை இறைக்கிறார்கள்.

இங்கே அலசுவது ஒரு மாதிரித் தம்பதியின் பயணத்தை. கணவருக்கு 29 வயது, மனைவிக்கு 27. இருவரும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள். மே மாதத்தில், வியாழன் மாலை ஃபியுமிசினோ விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு சுற்றிவிட்டுத் திங்கள் காலை கிளம்ப வேண்டும். அந்த ஞாயிறு மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. விமானக் கட்டணமும் அறை வாடகையும் முன்பே கட்டியாயிற்று. ஊரில் செலவழிக்க 450 யூரோ. அதில் 50 தொடக்கூடாத இருப்பு. ஆகப் புழங்கும் பணம் 400.

முதல் திட்டமும் அதன் ஓட்டைகளும்

அவர்கள் முதலில் போட்ட திட்டம் பலரும் போடுவதுதான். விமான நிலையத்திலிருந்து லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயிலில் தெர்மினி நிலையம், பக்கத்திலேயே ரூம். வெள்ளியன்று கொலோசியம், டிக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். சனிக்கிழமை நண்பகலில் ஊர் நடுவே உள்ள தேவாலயங்கள். ஞாயிறு முழுக்க வாடிகன் அருங்காட்சியகம்.

நான்கிலும் ஓட்டை இருக்கிறது. லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ஆளுக்கு 14 யூரோ. போக வர இருவருக்கும் 56. கொலோசியத்துக்கு அன்றைக்கு அன்று நேரம் கிடைப்பது மே மாதத்தில் அரிது. ரோமின் தேவாலயங்கள் பெரும்பாலும் நண்பகல் 12, 12:30 வாக்கில் கதவடைத்துவிட்டு மாலை 3 அல்லது 4 மணிக்குத்தான் மீண்டும் திறக்கும். வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலை 9 முதல் 2 வரை திறந்திருக்கும், அன்று இலவசம். 12:30 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள்.

இந்த இலவச ஞாயிறு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொலோசியம், பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில் போன்ற அரசு இடங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். வாடிகன் தனி நாடு, அதற்குக் கடைசி ஞாயிறு. ஒரு மாதத்தின் கடைசி ஞாயிறும் அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறும் எப்போதும் சரியாக ஏழு நாள் இடைவெளியில் வரும். மூன்று நாள் பயணத்தில் இரண்டையும் பிடிக்க வழியே இல்லை. ஒன்றைப் பிடித்தாலும் அன்று கொலோசியத்துக்கு முன்பதிவு கிடையாது; வாசலில் வரிசையில் நின்றுதான் சீட்டு வாங்க வேண்டும். மூன்று நாளில் ஒரு காலைப் பொழுதை ஆளுக்கு 18 யூரோ சீட்டை மிச்சம் பிடிப்பதற்காக வரிசைக்குக் கொடுப்பது இந்தத் தம்பதிக்குக் கட்டுப்படியாகாது. ரோமில் ஒரு வாரம், பத்து நாள் தங்குபவர்களுக்கு அது வேறு கணக்கு.

தங்குமிடத்தை மாற்றியதும் ரயில் மாறியது

திட்டத்தில் முதலில் மாற்றியது ரூமைத்தான். தெர்மினிக்குப் பதிலாகப் பிராமிடே மெட்ரோ நிலையத்துக்கு அருகே, டெஸ்டாச்சோ பகுதியில் ஒரு மூன்று நட்சத்திர விடுதி. காரணம் ரயில் பாதை. விமான நிலையத்திலிருந்து எஃப்.எல்.1 என்ற வட்டார ரயில் ஆளுக்கு 8 யூரோ. அது தெர்மினிக்குப் போகாது. த்ராஸ்தேவெரே, ஓஸ்டியென்சே, திபுர்தினா வழியாகப் போகும். ஓஸ்டியென்சேயில் இறங்கினால் அதை ஒட்டியே பிராமிடே மெட்ரோ. சூட்கேஸை உருட்டிக்கொண்டே ரூமுக்கு நடந்துவிடலாம். இரு வழிக்கும் இருவருக்கும் 32 யூரோ, அதாவது 24 மிச்சம். டெஸ்டாச்சோவில் நல்ல சந்தையும் உண்டு. அங்கிருந்து கொலோசியம் மெட்ரோவில் இரண்டே நிறுத்தம்.

வட்டார ரயிலில் புதியவர்கள் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில். காகிதச் சீட்டு வாங்கினால், ரயில் ஏறுமுன் நடைமேடைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் அதைச் செருகி நேரமும் தேதியும் அச்சாக்க வேண்டும். அச்சு இல்லாத சீட்டு, காசு கொடுத்து வாங்கியதே ஆனாலும், பரிசோதகர் கண்ணில் செல்லாத சீட்டுதான். "தெரியாது" என்று சொல்லித் தப்பியவர்கள் குறைவு.

விடுதியில் இன்னொரு செலவு காத்திருக்கும். ரோம் நகராட்சி தங்கும் வரி வசூலிக்கிறது. ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கு. மூன்று நட்சத்திர விடுதிக்கு 6 யூரோ. நான்கு இரவு, இருவர்: 48 யூரோ. இணையத்தில் முன்பதிவு செய்யும்போது காட்டும் தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, விடுதியில்தான் கேட்பார்கள். 400 யூரோவில் 48 என்பது கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு. இதை மறந்துவிட்டு வருபவர்கள் கடைசி நாள் சாப்பாட்டுப் பணத்திலிருந்து கட்டுகிறார்கள்.

கொலோசியம் சீட்டு

கொலோசியம், ரோமன் ஃபோரம் என்ற பழைய நகர மையத்தின் இடிபாடுகள், அதையொட்டிய பலட்டைன் குன்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு, 18 யூரோ. அதிகாரபூர்வ இணையதளத்தில் ஏறக்குறைய 30 நாளுக்கு முன்னால் விற்பனை திறக்கும். எந்தக் கிழமை போகிறோம் என்று முடிவான அன்றே நாட்காட்டியில் 30 நாள் பின்னோக்கி எண்ணி நினைவூட்டல் வைத்துக்கொள்ள வேண்டும். காலை நேரங்கள்தான் முதலில் தீரும்.

நல்ல நேரங்கள் ஏன் இத்தனை வேகமாகத் தீர்ந்தன என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. சீட்டுகளை மொத்தமாக வாரிக்கொண்டு, வழிகாட்டியோடு சேர்த்து அதிக விலைக்கு விற்ற நடைமுறை தொடர்பாக, இத்தாலியின் போட்டி ஆணையம் 2025 ஏப்ரலில் மொத்தம் ஏறத்தாழ 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதற்கு முன்பே, 2023 அக்டோபரிலிருந்து, சீட்டில் பெயர் அச்சிடும் முறை வந்துவிட்டது. வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். பாஸ்போர்ட்டில் சிலருக்குக் குடும்பப்பெயர் கட்டமே காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே இருக்கும். திருமணத்துக்குப் பின் மனைவி கணவர் பெயரைச் சேர்த்து எழுதிப் பழகியிருப்பார், ஆனால் பாஸ்போர்ட்டில் பழைய பெயரே இருக்கும். டிக்கெட் படிவத்தில் வீட்டில் அழைக்கும் பெயரையோ இனிஷியலையோ போடாமல், பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட வேண்டும். குடும்பப்பெயர் காலியாக இருந்தால் இயற்பெயரையே இரண்டு கட்டத்திலும் போடுவது பொதுவாக ஒத்துவரும்.

இன்னொரு தவறு சலுகைச் சீட்டு. 18 முதல் 25 வயது வரை 2 யூரோ என்று படிவம் காட்டும். அது ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு. 24 வயது என்பதற்காக வெளிநாட்டவர் அதை எடுத்தால் வாசலில் நிறுத்தப்படுவார். கையில் இருக்கும் நேரமும் போய்விடும்.

சுற்றுலா அட்டை வாங்கலாமா என்று தம்பதி யோசித்தார்கள். ரோமா பாஸ் என்ற அட்டையில் போக்குவரத்தும் குறிப்பிட்ட இடங்களின் நுழைவும் அடங்கும். ஆனால் வாடிகன் அருங்காட்சியகம் அதில் இல்லை. கொலோசியத்துக்கு அட்டை இருந்தாலும் நேரம் முன்பதிவு செய்தாக வேண்டும். இவர்கள் போகும் கட்டண இடங்களோ கொலோசியம், பாந்தியன், வாடிகன் மூன்றுதான். தனித்தனியாக வாங்குவதே இவர்களுக்குச் சரி.

ஒரு கார்டை இருவர் தட்டினால்

ரோமின் மெட்ரோ வாயிலிலும் பேருந்துக்குள்ளும் வங்கிக் கார்டைத் தட்டியே பயணிக்கலாம். ஒரு பயணம் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். அதற்குள் பேருந்து, டிராம் எத்தனை மாறினாலும் சரி. மெட்ரோவுக்கு மட்டும் ஒரு முறைதான் நுழைவு. வாயிலைத் தாண்டி வெளியே வராமல் ஒரு வழித்தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஒரே நுழைவாகவே கணக்காகும்.

தம்பதிகள் சிக்குவது இங்கேதான். செலவை ஒரே கணக்கில் வைக்கலாம் என்று ஒருவர் கார்டையே இருவரும் தட்டுகிறார்கள். கருவி அதை இரண்டு ஆளாக எடுத்துக்கொள்ளாது. அந்தக் கார்டுக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் 100 நிமிடத்தின் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளும். பரிசோதகர் வந்தால் ஒருவருக்குத்தான் சீட்டு இருக்கும்; மற்றவருக்கு அபராதம், அது 50 யூரோவுக்குக் குறையாது. ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஒரே கார்டு போனிலும் இருந்தால், ஒருவர் பிளாஸ்டிக் கார்டையும் மற்றவர் போனையும் தட்டலாம். கருவிக்கு அவை இரண்டும் வெவ்வேறு. ஆனால் யார் எதைத் தட்டுவது என்பதை நடுவில் மாற்றிக்கொள்ளக் கூடாது. காலையில் போனைத் தட்டியவர் மாலை வரை போன்தான்.

இவர்களுடைய நாளில் ஆளுக்கு நான்கு பயணத்துக்கு மேல் இல்லை. 24 மணி நேரச் சீட்டு எடுத்தால் நட்டம்.

கடையில் கார்டு கருவி உங்கள் ஊர்ப் பணத்திலா, யூரோவிலா என்று கேட்டால் யூரோ என்றே அழுத்த வேண்டும். மற்றதை அழுத்தினால் மாற்று விகிதத்தைக் கருவிக்காரர்தான் முடிவு செய்வார். அது பயணிக்குச் சாதகமாக இருப்பதில்லை.

வெள்ளி: வாடிகன்

அருங்காட்சியகத்தை ஞாயிறிலிருந்து வெள்ளிக்கு நகர்த்தியாயிற்று. சனியன்றும் போகலாம்தான், ஆனால் ஞாயிறு மூடியிருப்பதால் அந்தக் கூட்டமெல்லாம் சனிக்கும் திங்களுக்கும் சாய்கிறது. புதன்கிழமை காலை போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடக்கும்போது பேதுரு சதுக்கமும் பேராலயமும் நம் வசதிக்கு இருக்காது. ஆக வெள்ளி.

சீட்டு 20 யூரோ, இணைய முன்பதிவுக் கட்டணம் 5. இருவருக்கு 50. முன்பதிவுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைத்து வாசல் வரிசையில் நிற்பவர்கள், மதில் சுவரை ஒட்டி வெயிலில் பல மணி நேரம் நிற்க நேரிடும். ஐந்து யூரோவை மனமாரக் கொடுத்துவிடலாம்.

காலை 8 மணி நேரத்துக்குப் பதிந்துகொண்டு பிராமிடேயிலிருந்து தெர்மினி, அங்கே ஏ வழித்தடத்துக்கு மாறி ஓத்தாவியானோ. உள்ளே போனதும் பலரும் செய்வது, வரிசையாக எல்லாக் கூடத்தையும் நின்று பார்க்கத் தொடங்குவது. சிஸ்டைன் சிற்றாலயத்துக்கு வரும்போது கால் ஓய்ந்து, கழுத்தை அண்ணாந்து பார்க்கத் தெம்பு இருக்காது. மைக்கலாஞ்சலோ அந்தக் கூரையை 1508 முதல் 1512 வரை தீட்டினார். பலிபீடச் சுவரின் இறுதித் தீர்ப்பு அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து வந்தது, 1541-இல் முடிந்தது. இரண்டையும் பார்க்க அரை மணியாவது வேண்டும். ஆகவே ரஃபேல் அறைகளையும் சிற்றாலயத்தையும் மனத்தில் வைத்து, மற்றவற்றில் எது கண்ணை இழுக்கிறதோ அங்கே மட்டும் நிற்பது நல்லது. சிற்றாலயத்தில் சுவரோரமாக இருக்கை உண்டு. காத்திருந்தால் இடம் கிடைக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் கூரை பிடிபடும். படம் எடுக்க அனுமதி இல்லை.

சிற்றாலயத்திலிருந்து நேரே பேராலயத்துக்கு இறங்கும் ஒரு வழி உண்டு. வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்கானது அது. அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. பையைப் பாதுகாப்பறையில் கொடுத்திருந்தால் எப்படியும் நுழைவாசலுக்குத் திரும்ப வேண்டும். வெளியே வந்து மதிலைச் சுற்றிப் பேதுரு சதுக்கத்துக்குக் கால் மணி நேர நடை. பேராலயம் இலவசம், சோதனை வரிசை மட்டும் உண்டு. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் அதே விதி. கையில் ஒரு துப்பட்டா இருந்தால் தோள் பிரச்சினை தீர்ந்தது. அரைக்கால் சட்டைக்கு மாற்று இல்லை. கோபுரத்தின் உச்சிக்கு 551 படி. மின்தூக்கிக்குக் காசு கட்டினாலும் 320 படி ஏறியே ஆக வேண்டும் என்பது பலருக்கு மேலே போன பிறகுதான் தெரிகிறது. இந்தத் தம்பதி அதை விட்டுவிட்டார்கள். ஊரை மேலிருந்து பார்க்க ஜானிகோலோ குன்று இருக்கிறது, இலவசம். 1904 முதல் அங்கே தினமும் நண்பகலில் பீரங்கி வெடிக்கிறது.

சனி: கொலோசியம், மோசே, இரவு

காலை 9 மணி நேரம். பெரிய முதுகுப்பையும் கண்ணாடி பாட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். இரண்டையும் ரூமிலேயே வைத்துவிட வேண்டும். கொலோசியத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம்.

அடுத்தது ஃபோரமும் பலட்டைனும். இரண்டும் ஒரே வளாகம், ஒரே நுழைவு. சாப்பிட வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. சாப்பிடக் கொண்டுபோகாமல் நுழைந்துவிட்டு, பசியில் பாதியில் வெளியேறுபவர்கள் ரோமின் சிறந்த பகுதியைத் தவறவிடுகிறார்கள். கொலோசியம் எதிரே உள்ள வாசலை விட்டுவிட்டு, சான் கிரகோரியோ தெருவிலுள்ள வாசலுக்கு ஐந்து நிமிடம் நடந்தால் கூட்டம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். அந்த வழியில் முதலில் பலட்டைன் குன்று வரும். உடம்பில் தெம்பிருக்கும்போதே ஏறி, மரநிழலில் சாப்பிட்டு, ஃபர்னேசே தோட்டத்தின் விளிம்பிலிருந்து ஃபோரம் முழுவதையும் கீழே பார்த்துவிட்டு, பிறகு இறங்கலாம். ஃபோரத்தில் நிழல் கிடையாது. இறங்கும் வழியாக அதைக் கடந்து, காப்பிதோல் குன்றுப் பக்கம் வெளியேறினால் திரும்பி நடக்க வேண்டியதில்லை.

தண்ணீர் வாங்கத் தேவையில்லை. ரோம் தெருக்களில் 1874 முதல் வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய்கள் நிற்கின்றன. இன்றைக்கு இரண்டாயிரத்துக்கு மேல். வளைந்த குழாயிலிருந்து தண்ணீர் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால், அதன் வளைவில் மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் பீய்ச்சி எழும், குனியாமல் குடிக்கலாம். குளிர்ந்த நல்ல தண்ணீர். ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்று போதும்.

மாலை 3 மணிக்குச் சான் பியெத்ரோ இன் வின்கோலி (சங்கிலிகளின் புனித பேதுரு) ஆலயம் மீண்டும் திறக்கிறது. கொலோசியத்திலிருந்து நடை தூரம். மைக்கலாஞ்சலோவின் மோசே சிலை இங்கேதான் இருக்கிறது, இரண்டாம் ஜூலியஸ் போப்பின் நினைவுச் சின்னத்தின் நடுவில். கட்டணம் இல்லை. உலகத்தின் எந்த அருங்காட்சியகத்தில் இருந்தாலும் அந்த ஒரு சிலைக்காகச் சீட்டு வாங்குவோம்.

இரவுக்கு இரண்டு இடம். திரெவி நீரூற்றின் விளிம்புக்கு இறங்கிப் போக, 2026 பிப்ரவரி முதல் இரவு 10 மணி வரை வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. சதுக்கத்தில் நின்று பார்ப்பது இலவசம். அங்கிருந்து நடந்து காப்பிதோல் சதுக்கம் ஏறி, நகராட்சி மாளிகையின் பக்கவாட்டில் போனால் விளக்கொளியில் ஃபோரம் முழுதும் கீழே தெரியும். பகலில் 18 யூரோ கொடுத்து நடந்த இடத்தை மேலிருந்து அடையாளம் கண்டுபிடிப்பது இருவருக்குமே பிடிக்கும்.

சுற்றுலாக் கூட்டத்தில் தம்பதியைக் குறிவைப்பவர்களைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். "அன்பளிப்பு" என்று மனைவி கையில் ரோஜாவைத் திணித்துவிட்டுக் கணவரிடம் காசு கேட்பார்கள். மணிக்கட்டில் கயிறு கட்டுவதும் அதே வித்தை. கையை நீட்டாமல், நிற்காமல் நடந்துவிட வேண்டும். வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் தகராறாகும். ஸ்பானிய படிக்கட்டில் 2019 முதல் உட்காரத் தடை, அபராதம் 250 யூரோவிலிருந்து. நீரூற்றில் காலை நனைப்பதற்கும் அபராதம் உண்டு. தெருவில் விற்கும் போலிப் பிராண்டு கைப்பையை வாங்கினால் வாங்கியவருக்கே அபராதம். பிக்பாக்கெட்டுக்கு 64-ஆம் எண் பேருந்தும் மெட்ரோ ஏ வழித்தடமும் பேர்போனவை. பாஸ்போர்ட் இரண்டையும் ஒரே பையில் வைக்காமல், ஆளுக்கு ஒன்றாக உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு: அப்பியா சாலையும் கரவாஜியோவும்

ஞாயிறு காலை தேவாலயங்களில் திருப்பலி நடக்கும். பார்வையாளராக உள்ளே உலவுவது முறையும் அல்ல, விடவும் மாட்டார்கள். அந்த நேரத்தை ஊருக்கு வெளியே கழிக்கலாம். 118-ஆம் எண் பேருந்து பழைய அப்பியா சாலைக்குப் போகிறது. ஞாயிறு அன்று வண்டிகளுக்கு இடையே இடைவெளி அதிகம். வரும் நேரத்தைப் பார்த்துவிட்டே ரூமிலிருந்து கிளம்ப வேண்டும். சாலையின் தொடக்கப் பகுதி குறுகலானது, நடைபாதை இல்லை, வாகனம் உரசிக்கொண்டு போகும். அங்கே இறங்கி நடக்காமல் செசிலியா மெத்தெல்லா கல்லறை வரை போய்விட வேண்டும். அதற்கப்பால்தான் பெருங்கற்கள் பாவிய பழைய சாலை, இருபுறமும் பைன் மரங்கள், இடிந்த கல்லறைகள். கற்களுக்கு இடையே பள்ளம். மெல்லிய செருப்பு உதவாது.

மதியம் பாந்தியன். 2023 ஜூலை முதல் 5 யூரோ கட்டணம். கூரையின் விட்டமும் தரையிலிருந்து உச்சி வரை உயரமும் ஒன்றே, 43.3 மீட்டர். உச்சியில் திறந்த துளை. மழை பெய்தால் உள்ளே விழும். தரையில் வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். மழை நாளில் வாய்த்தால் விடக்கூடாத காட்சி.

அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் பிரெஞ்சுக்காரர்களின் புனித லூயி ஆலயம். இடப்பக்கம் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜியோவின் மூன்று மத்தேயு ஓவியங்கள், 1599-க்கும் 1602-க்கும் இடையே தீட்டியவை. சிற்றாலயம் இருட்டாக இருக்கும். பக்கத்தில் காசுப் பெட்டி. நாணயம் போட்டால் விளக்கு எரியும், சற்று நேரத்தில் அணைந்துவிடும். நாணயம் போடுமுன் எங்கே நிற்பது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். மூன்றில் இரண்டு பக்கச் சுவரில் இருப்பதால் கம்பியருகே நடுவில் நின்றால் இரண்டும் சாய்வாகத்தான் தெரியும். மத்தேயுவை இயேசு அழைக்கும் ஓவியம் இடச் சுவரில். அதைப் பார்க்கக் கம்பியின் வலக் கோடியில் நிற்க வேண்டும். மத்தேயு கொலையுண்டது வலச் சுவரில். அதற்கு இடக் கோடி. இருவரும் ஆளுக்கொரு கோடியில் நின்று, ஒரு நாணயத்துக்கு ஒன்று, அடுத்த நாணயத்துக்கு இடம் மாறி மற்றது என்று பார்த்தால் 2 யூரோவில் இரண்டும் நன்றாகப் பார்த்தாயிற்று.

பக்கத்திலேயே சாந்த் அகோஸ்தினோ ஆலயத்தில் கரவாஜியோவின் லொரேத்தோ மாதா ஓவியம். அம்மாவும் குழந்தையும் வாசலில் நிற்க, எதிரே மண்டியிட்ட இரண்டு ஏழை யாத்திரிகர்கள். ஆணின் அழுக்குப் பாதங்கள் பார்ப்பவர் முகத்துக்கு நேரே இருக்கும். பிறகு நவோனா சதுக்கம் வழியாகப் போபோலோ சதுக்கத்துக்கு நடை. அங்குள்ள சாந்தா மரியா தெல் போபோலோவில், பலிபீடத்துக்கு இடப்பக்கம், பேதுருவின் சிலுவைச் சாவும் பவுலின் மனமாற்றமும். ஒரே மாலையில் கரவாஜியோவின் ஆறு ஓவியங்கள், மொத்தச் செலவு விளக்குக்கான 4 யூரோ. ரோமைத் தவிர எந்த ஊரிலும் இது நடக்காது. மேலே பின்சோ மாடத்தில் சூரியன் மறையும்வரை இருந்துவிட்டு, ஃப்ளமினியோவில் மெட்ரோ.

யாராவது ஒருவருக்குக் கால் ஓய்ந்துபோனால், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு உணவகத்தில் போய் உட்கார்வதே வழக்கம். அங்கே 20 யூரோ போகும். ஓய்பவர் சதுக்கத்தில் நிழலில் உட்காரட்டும், மற்றவர் முக்கால் மணி நேரம் தனியே பார்த்துவிட்டு வரட்டும். எங்கே, எத்தனை மணிக்கு என்று மட்டும் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு

காலையில் காபிக்கடைக் கவுண்டரில் நின்றபடி காபியும், கொர்னெத்தோ என்ற பிறை வடிவ இனிப்பு ரொட்டியும். அதே காபியை மேசையில் உட்கார்ந்து குடித்தால் வேறு விலை, ஊர் நடுவே பல மடங்கு. விலைப்பட்டியல் கடைக்குள் மாட்டியிருப்பார்கள். காபி குடித்த கடையில் கழிப்பறையும் பயன்படுத்திக்கொள்ளலாம். தனியாக 1 யூரோ கொடுப்பதைவிட அது மேல்.

மதியம் எடைக்கு விற்கும் பீட்சா. விலை 100 கிராமுக்கு எழுதியிருக்கும், கிலோவுக்கு என்று நினைத்து ஏமாறக் கூடாது. எவ்வளவு வேண்டும் என்பதைக் கடைக்காரர் கத்தியை வைத்துக் காட்டுவார். நாம் கையால் இன்னும் குறைவாக என்று காட்டலாம். சைவர்களுக்கு மரினாரா (பால்கட்டி இல்லாத தக்காளிப் பீட்சா), உருளைக்கிழங்கு, வெள்ளைப் பீட்சா. உணவகத்தில் கார்பொனாரா, அமத்ரிச்சானா, கிரிச்சா என்ற மூன்று பாஸ்தாவிலும் பன்றிக் கன்ன இறைச்சி உண்டு. இறைச்சி இல்லாதது காச்சோ எ பேபே என்ற பால்கட்டி, மிளகு பாஸ்தா. அந்தப் பால்கட்டியிலேயே ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதி சேர்வதால், அதையும் தவிர்ப்பவர்கள் மரினாராவோடு நின்றுகொள்வது நல்லது.

ரோம் அமைந்துள்ள லாட்சியோ மாநிலத்தில் உணவக பில்லில் ஆளுக்கு இவ்வளவு என்று தனியாகச் சேர்க்கும் மேசைக் கட்டணம் வாங்க 2006 முதல் தடை. அதனால் சில இடங்களில் ரொட்டி என்று பில்லில் வரும். ரொட்டி வேண்டாம் என்றால் கொண்டுவந்ததும் சொல்லிவிட வேண்டும். கடித்துவிட்டால் கட்ட வேண்டும்.

கணக்கு

விமான நிலைய ரயில் 32. தங்கும் வரி 48. கொலோசியம் 36. வாடிகன் 50. பாந்தியன் 10. நகரப் போக்குவரத்து, ஆளுக்கு எட்டுப் பயணம் வீதம், 24. விளக்கு நாணயம் 4. ஆக 204. சாப்பாட்டுக்கு ஒதுக்கியது: நான்கு காலை 24, மூன்று மதியம் 42, நான்கு இரவு 120, சேர்த்து 186. மொத்தம் 390, கையில் மிச்சம் 10. இரவுச் சாப்பாட்டுக்கு இருவருக்கு 30 யூரோ என்பது பீட்சா அல்லது ஆளுக்கு ஒரு பாஸ்தா, வீட்டு ஒயின் கால் லிட்டர் என்ற அளவு. ஒரு இரவு சந்தையிலும் சூப்பர்மார்க்கெட்டிலும் வாங்கி ரூமில் சாப்பிட்டால், இன்னொரு இரவு நல்ல உணவகத்தில் இரண்டாவது பதார்த்தமும் சொல்லலாம். இந்தக் கணக்கில் நீளும் இடமும் குறையும் இடமும் அந்த 120 மட்டும்தான். மற்றவை கிளம்பும் முன்பே தீர்மானமானவை.

தொடாத அந்த 50 எதற்கு? இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், பெரும்பாலும் முன்னறிவிப்போடு, பெரும்பாலும் வெள்ளி அல்லது திங்களில். நகர வண்டிகள் அன்றும் காலை 8:30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் ஓடும். வட்டார ரயில்களுக்கு வேலைநாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9. விமானம் காலை 11 மணிக்கு என்றால் 7 மணி ரயிலைப் பிடித்துவிடலாம். அதுவும் தவறினால் டாக்சி. அவுரேலியன் மதிலுக்கு உள்ளிருந்து ஃபியுமிசினோ வரை நிர்ணயித்த கட்டணம் 55 யூரோ, பெட்டிகள் உட்பட. மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய மதில் இன்றும் டாக்சிக் கட்டணத்துக்கு எல்லைக்கோடு. டெஸ்டாச்சோ மதிலுக்கு உள்ளே, ஓஸ்டியென்சே வெளியே. ரூம் எந்தப் பக்கம் என்பதை முன்பதிவின்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். ரயிலுக்கு வைத்திருந்த 16 யூரோவோடு இருப்பிலிருந்து 39 சேர்த்தால் 55. வேலைநிறுத்த அறிவிப்பு இருக்கிறதா என்பதை ஞாயிறு மாலை, இரவுச் சாப்பாட்டுக்குப் போகுமுன் பார்த்துவிட வேண்டும். இல்லை என்று உறுதியானால் அந்த 50-இல் கொஞ்சம் எடுத்து அன்றிரவு நன்றாகச் சாப்பிடலாம்.